சீராயி பின்னால் வந்த ரோடு

சீராயி அடிவாரத்துச் சந்தையில் மிளகை விற்றுவிட்டு, உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கொன்றைக்காட்டுக்கு மலையேறி வந்த அன்று, அவளுக்குப் பின்னாலேயே தார்ரோடும் ஏறி வந்தது. முதலில் அவள் அதைக் கவனிக்கவில்லை. பாதி மலையில் ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பியபோதுதான், எப்போதும் அடிவாரத்து ஆலமரத்தை வட்டமடித்துத் திரும்பிப் போய்விடும் டவுன் பஸ், அவள் குதிகாலுக்குக் கொஞ்ச தூரத்தில், மாட்டுவண்டி வேகத்தில் உறுமிக்கொண்டு வருவதைப் பார்த்தாள். படியில் தொங்கிக்கொண்டிருந்த கண்டக்டர், "ஓரமாப் போம்மா, பஸ்ஸுக்கு வழி விடு" என்று கத்தினார்.

"நான் ஓரமாப் போனா நீங்க எதுமேல வருவீங்க?" என்றாள் சீராயி.

கண்டக்டர் யோசித்துப் பார்த்தார். அவளுக்கு முன்னால் முள்ளும் கல்லும் கிடந்தன. அவளுக்குப் பின்னால் வெள்ளைக்கோடு போட்ட ரோடு கிடந்தது. சொல்வது நியாயம்தான் என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். பஸ் பொறுமையாக அவள் பின்னாலேயே ஊர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

கொன்றைக்காட்டு ஜனங்களுக்கு, வந்தது ஏன் வந்தது என்று கேட்கிற பழக்கம் கிடையாது. மழை வந்தாலும் காட்டெருமை வந்தாலும், வந்ததை என்ன செய்வது என்றுதான் அவர்கள் யோசிப்பார்கள். அதனால் ரோட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கிழவர்கள் குனிந்து விரலால் அழுத்திப் பார்த்து, தார் இன்னும் இளஞ்சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும் என்றார்கள். ஆடுகள் அந்தச் சூட்டில் வந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தன. பெண்கள் மறுநாள் காலையில் சாமையையும் கேழ்வரகையும் அதன் மேல் கொட்டிக் காயப்போட்டு, இத்தனை காலம் இது இல்லாமல் எப்படிக் காயவைத்தோம் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கீழேயிருந்து ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். எந்தத் திட்டத்திலும் இல்லாத ரோட்டின் மேல் நிற்கலாமா கூடாதா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். பிறகு ஓரத்தில் ஒரு கல்லை நட்டு, அதில் தங்கள் பெயரையெல்லாம் பொறித்து, ஒரு ரிப்பனைக் கட்டி அதை வெட்டிவிட்டுப் போனார்கள். சீராயியின் பெயர் அந்தக் கல்லில் இல்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

கொஞ்ச நாளில் ரோட்டின் குணம் எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது. வீட்டுக்குள் வளைய வரும்போதும், காட்டில் களை எடுக்கும்போதும் அது வராது. ஓரிடத்துக்குப் போகவேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினால் மட்டும், முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளை மாதிரி பின்னால் வரும். ஊர்ப்பெரியவரான பெரியண்ணக் கவுண்டர் ஊரைக் கூட்டி, எந்த இடத்துக்கு முதலில் சீராயி நடப்பது என்று பேச்செடுக்க, அன்றைக்கு வாய்ச்சண்டை வந்தது, இரண்டு வீடுகள் பேச்சை நிறுத்திக்கொண்டன, கடைசியில் ஊற்றுக்கு, பிறகு பள்ளிக்கூடத்துக்கு, பிறகு கீழ்த்தெருவுக்கு, பிறகு மிளகுத் தோட்டங்களுக்கு என்று முடிவானது. அவள் நடக்கிற நாளில் பெண்கள் வந்து அவள் பாதத்தைக் கழுவி மஞ்சள் பூசிவிடுவார்கள். யார் வீட்டில் கோழி அடித்தாலும் அவளுக்கு ஒரு கிண்ணம் வந்துவிடும்.

புது இடத்துக்கு நடக்கும்போது முன்னால் ஒருவர் போய் முள்ளை வெட்ட வேண்டும், பள்ளம் பார்க்க வேண்டும். அந்த வேலையை அவள் புருஷன் தீர்த்தன் எடுத்துக்கொண்டான். கையில் கத்தியோடு முன்னால் போய்க்கொண்டே, "சீராயி, இப்படி வா... கல்லு இருக்கு, இடது பக்கம் வா புள்ள..." என்று குரல் கொடுப்பான். கல்யாணமாகி வந்த புதிதில், இருட்டிய பிறகு காட்டிலிருந்து திரும்பும்போதும் அவன் அப்படித்தான் குரல் கொடுப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டுகூட அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவாள். அவளுக்குக் குழந்தையில்லை, அப்பன் ஆத்தாளும் இல்லை. இந்த உலகத்தில் அவளுக்கு இரண்டே பேர்: தீர்த்தன் ஒருவன், தங்கச்சி மாதி ஒருத்தி.

மாதியைக் கட்டிக்கொடுத்திருந்தது நெல்லிவளவில். இரண்டு முகடு தாண்டிய ஊர். அங்கே போக ஆட்டுத்தடம்தான் உண்டு. இரண்டு பிள்ளைகளைப் பிரசவத்திலேயே பறிகொடுத்திருந்த மாதி இப்போது மறுபடியும் நிறைமாதமாக இருந்தாள். ரோடு வந்த முதல் நாளிலிருந்தே சீராயிக்கு ஒரே நினைப்புதான்.

"ஏங்க, நம்ம ஊர் வேலையெல்லாம் முடிஞ்சதும் மாதி ஊருக்கு நடந்துடலாங்களா?"

"அதுக்கென்ன, போயிடலாம். உன் தங்கச்சிக்கு இல்லாத ரோடா?" என்பான் தீர்த்தன். அந்த வார்த்தையை அவள் நெல்லிவளவுக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அந்த ஊரும் முகட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ரோடு நல்லவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு வருவதில்லை. ஒருநாள் ஒரு வெள்ளைக் கார் வந்தது. இறங்கியவர்கள் ஊரைப் பார்க்காமல், ஊருக்கு மேலே தெரிந்த பன்றிப்பாறையைப் பார்த்தார்கள். மலையின் முதுகெலும்பு மாதிரி நீண்டு கிடக்கும் கறுப்புப் பாறை அது. அதன் அடியிலிருந்துதான் கொன்றைக்காட்டின் ஊற்று கிளம்புகிறது. கார்க்காரர்கள் கவுண்டரின் வீட்டில் காபி குடித்தார்கள். மறுபடி வந்தார்கள். ஊர்க்கூட்டம் ஒன்று நடந்தது. அதற்குச் சீராயியைக் கூப்பிடவில்லை. அவள் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் முடிந்து வந்த தீர்த்தன், பாறையை உடைத்து ஜல்லியாக்கப் போடும் கிரஷருக்கு வரும் லாரிகளில் ஒன்றைத் தனக்கு ஓட்டக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதை அவளிடம் சொல்லவில்லை. பஸ் வந்த நாளிலிருந்து டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே போய் நின்று ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அவன். அன்று ராத்திரி சோற்றில் கையை வைத்துக்கொண்டு, "நாளைக்கு மாதி ஊருக்கு நடந்துடலாம்" என்று மட்டும் சொன்னான்.

சீராயிக்குத் தூக்கமே வரவில்லை. மிளகு, பூண்டு, கருப்பட்டி, குழந்தைக்கென்று, தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பழைய சேலைத்துணி என்று ஒரு மூட்டை கட்டினாள்.

விடிந்தபோது மலை முழுக்க மூடுபனி. நீட்டிய கை தெரியாத பனி. பெண்கள் வந்து வழக்கம்போலப் பாதத்துக்கு மஞ்சள் பூசினார்கள். எப்போதும் பேசிச் சிரித்துக்கொண்டு பூசுகிறவர்கள் அன்றைக்கு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒருத்தி மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தாமலே அவள் பாதத்தைக் கையில் கொஞ்ச நேரம் அதிகமாக வைத்திருந்தாள். பனியில் குளிருகிறது போல என்று சீராயி நினைத்துக்கொண்டாள்.

"இப்படி வா சீராயி" என்று பனிக்குள்ளிருந்து தீர்த்தனின் குரல் வந்தது. அவள் கிளம்பினாள். மனம் முழுக்கத் தங்கச்சியை வைத்துக்கொண்டு, அவள் வயிற்றை வைத்துக்கொண்டு, பிறக்கப்போகும் குழந்தையின் அழுகையைக்கூட வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னால் ரோடு அவள் பாதத்தை ஒட்டியே சலசலத்துக்கொண்டு வந்தது. வெகுநேரம் நடந்த பிறகு, "ஏங்க, இந்நேரம் இறக்கம் வந்திருக்கணுமே?" என்று கேட்டாள்.

"நேர்வழியில மண்ணு சரிஞ்சு கிடக்கு. சுத்திப் போறோம். வலது பக்கம் வா."

வலது பக்கம் வந்தாள். ஏறு என்றான், ஏறினாள். குனி என்றான், குனிந்தாள். மூட்டை கனத்தது. கனம் தெரியாமல் இருக்க, மாதி சின்ன வயதில் தன் முதுகில் தொற்றிக்கொண்டு வரும்போது பேசுகிற பேச்சையெல்லாம் நினைத்துக்கொண்டு நடந்தாள்.

உச்சிப்பொழுதுக்குப் பனி ஒரே மூச்சில் விலகியது. அவளுக்கு முன்னால் பன்றிப்பாறை நின்றது. பாறைக்கு அடியில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, வெள்ளைக் கார்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றிக் கொன்றைக்காடே நின்றது. காலையில் மஞ்சள் பூசிய பெண்களும் குறுக்குத்தடத்தில் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியண்ணக் கவுண்டர் மாலையோடு முன்னால் வந்தார்.

சீராயி மாலையைப் பார்க்கவில்லை. தீர்த்தனைப் பார்த்தாள்.

"இதுதான் மாதி ஊரா?"

தீர்த்தன் கத்தியில் ஒட்டியிருந்த இலையை விரலால் துடைத்தான்.

கவுண்டர்தான் பேசினார். "தாயி, கோவிச்சுக்காத. கேட்டிருந்தா நீ நடந்திருக்க மாட்ட. ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டித் தர்றாங்களாம். பசங்களுக்கு வேலை. எல்லாம் ஊருக்குத்தான்."

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். கைதட்டிய கைகளெல்லாம் கீழே இறங்கின. தனக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தனுப்பாத வீடு அந்தக் கூட்டத்தில் ஒன்றுமே இல்லை என்பதை அவள் முகம் முகமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

காரில் வந்தவர்களில் ஒருவர் நல்ல மனுஷர். கையில் சோடாவோடு வந்து, "வெயில்ல நிக்காதீங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு கையை நீட்டித் தூரத்து முகட்டைக் காட்டினார். அங்கே நெல்லிவளவின் தலைக்கு மேலேயும் அதே கறுப்புப் பாறை கிடந்தது. "உங்க தங்கச்சி ஊரு அதுதானாமே. அது இதைவிடப் பெரிய பாறை. அவசரமில்லை, நாளைக்கே போய்ட்டு வாங்க. நாங்களே சாப்பாடு கட்டித் தர்றோம்" என்றார்.

அப்போதுதான் சீராயிக்கு முழுசும் புரிந்தது. அவளை ஏமாற்றி இங்கே கூட்டிவந்தது பாதிதான். மாதி ஊருக்குப் போகலாம் என்று சொன்னது பொய்யே இல்லை. அதுதான் மீதிப் பாதி. அவள் ஆசையையே கயிறாகத் திரித்து அவள் காலில் கட்டியிருந்தார்கள். இனிமேல் அவள் தங்கச்சியை நினைத்து எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் தங்கச்சி ஊரை உடைக்க வரும் லாரிகளுக்குத்தான் வழி.

அவள் நாற்காலியில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டாள். அழவும் இல்லை, மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. கைதட்டியவர்கள் பந்தலில் போட்ட சாப்பாட்டைச் சாப்பிடப் போனார்கள். தீர்த்தன் பக்கத்தில் வந்து குந்தினான்.

"வா, வீட்டுக்குப் போலாம்."

"மாதிக்கு நாளு நெருங்கிடுச்சு. நான் போகணும்."

"அப்ப... மனசுல ஒன்னும் நினைக்காம நட. ரோடு வராது."

"பெத்துப் பிழைக்கப் போறவள நினைக்காம எப்படி நடக்கறது? உனக்கு வருமா அது? வரும். உனக்கு வரும்." அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு சொன்னாள்: "என்னைத் தூக்கு."

"என்ன?"

"என் காலு தரையில பட்டாத்தானே வரும். என்னை முதுகுல தூக்கிட்டுப் போ."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தீர்த்தன் அவளை முதுகில் சுமந்துகொண்டு ஆட்டுத்தடத்தில் இறங்கினான். அவள் முதுகில் மூட்டை. அந்தக் கனமும் அவன் மேல்தான். முதல் முகட்டின் பாதியிலேயே நின்றான். "கொஞ்சம் இறங்கு, மூச்சு வாங்கிக்கறேன்" என்றான். அவள் இறங்கவில்லை. ஒரு பாறையில் சாய்ந்து நின்றபடியே மூச்சு வாங்கினான். முள் கிழித்தது, கல்லில் சறுக்கி முழங்கால் தோல் போனது. வழியில் ஒரு இடத்தில், "நமக்கும் ஒரு வண்டின்னு ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தான். அவன் கழுத்தைச் சுற்றியிருந்த அவள் கை கொஞ்சமும் அசையவில்லை, இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. ஒரு மரக்கட்டை மாதிரி கிடந்தது. அந்தக் கையைப் பார்த்துவிட்டு அவன் அடுத்த கல்லில் காலை வைத்தான்.

பொழுது சாயும் நேரத்துக்கு நெல்லிவளவு வந்தது. ஊர் எல்லையில் மாவிலை கட்டியிருந்தார்கள். முகட்டில் ஆள் தெரிந்ததுமே ரோட்டை வரவேற்க ஆணும் பெண்ணும் திரண்டு நின்றிருந்தார்கள். சீராயி நடந்து வராமல் முதுகில் வருவதைப் பார்த்ததும் எல்லோருடைய கண்ணும் அவர்களைத் தாண்டிப் பின்னால் போனது. பின்னால் ஆட்டுத்தடம்தான் இருந்தது.

மாதிக்கு விடியக்காலையிலேயே பிரசவம் ஆகியிருந்தது. பெண் குழந்தை, உயிரோடு. வலி மூன்றாம் நாளாக நீண்டு, ஒரு கட்டத்தில் தாயும் பிள்ளையும் போய்விடுவார்கள் என்று எல்லோரும் அழுதிருக்கிறார்கள். வெளுத்துப்போன முகத்தோடு கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த மாதி, அக்கா வாசலில் இறக்கிவிடப்பட்டதைப் பார்த்தாள்.

"ரோடு எங்கக்கா?"

சீராயி தீர்த்தனைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு தூரம் சுமந்து வந்தவன், இதையும் அவனே சொல்லட்டும் என்று நினைத்தாள். ஒரு வார்த்தை, உள்ளதை உள்ளபடி ஒரே ஒரு வார்த்தை அவன் சொல்லிவிட்டால், மீதி வாழ்நாளுக்கு அதைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

சுற்றி நின்ற ஊரைப் பார்த்தான் தீர்த்தன். "அவளுக்கு மனசு வரல" என்றான். "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நடக்க மாட்டேன்னுட்டா."

கூட்டம் முணுமுணுத்தது. யாரோ ஒருவர் மாவிலைத் தோரணத்தைப் பிடுங்கி எறிந்தார். பாறையடியில் சீராயிக்கு வராத அழுகை அப்போதுதான் நெஞ்சுக்கு வந்து நின்றது.

மாதி கட்டிலிலிருந்தே தீர்த்தனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வையில் ஒட்டிய சட்டை, ரத்தம் காய்ந்த முழங்கால், நடுக்கம் நிற்காத தொடை.

"ஏன் மாமா, மனசு வராதவள எதுக்கு இம்மாந்தூரம் சுமந்துக்கிட்டு வந்தீங்க?" என்றாள்.

மாதியின் மாமியார் கொண்டுவந்து நீட்டிய சொம்பை வாங்காமல், தீர்த்தன் வந்த தடத்திலேயே திரும்பி நடந்தான். மாதி கட்டிலில் ஓரமாக நகர்ந்து, அக்காவுக்கு இடம் விட்டாள். பாறையை, பந்தலை, சோடாவை, எல்லாவற்றையும் சீராயி அங்கே உட்கார்ந்துதான் சொன்னாள்.

மாதி நம்பினாள். ஊர் பாதிதான் நம்பியது. சீராயி தங்கச்சி வீட்டிலேயே தங்கிவிட்டாள். அந்த மழைக்காலத்தில், நோயில் விழுந்த ஒரு பெரியவரைத் தூளி கட்டித் தோளில் சுமந்துகொண்டு மலையிறங்கியவர்கள், சீராயி இருந்த வாசலில் ஒரு நிமிஷம் நின்று அவள் காலைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பாறையை அவர்களுக்கு எதிரே காட்டிப் பேச அவளுக்கும் வாய் எழவில்லை, ஏனென்றால் அவர்கள் தோளில் இருந்த கனம் நிஜமான கனம். அவள் எங்கும் கிளம்பாமல் வீட்டைச் சுற்றியே வேலை செய்தாள். தங்கச்சி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கேயும் போகவேண்டாம் என்கிற நினைப்போடு, முற்றத்துக்குள்ளேயே வட்டம் சுற்றினாள்.

முகட்டுக்கு அந்தப் பக்கம் வெடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பன்றிப்பாறை தேய்ந்துகொண்டே வந்தது. லாரிகள் போகும் ரோட்டில் யாரும் சாமை காயப்போட முடியவில்லை. ஆடுகள் சில நசுங்கின. ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போட்டார்கள், அதில் மழைநீர் நின்று தவளை கத்தியது. பிறகு ஊற்று பால் மாதிரி கலங்கி வந்தது, பிறகு கசிந்தது, பிறகு நின்றது. தீர்த்தன் கொஞ்ச நாள் லாரி ஓட்டினான். கீழேயிருந்து நன்றாக ஓட்டத் தெரிந்த டிரைவர்கள் வந்ததும் அவனை இறக்கிவிட்டார்கள்.

குழந்தை தவழ ஆரம்பித்திருந்த பருவத்தில், ஒரு காலையில், கொன்றைக்காடு ஆட்டுத்தடம் வழியாக நடந்து வந்தது. பெரியண்ணக் கவுண்டர் முன்னால். மஞ்சள் பூசிய பெண்கள் நடுவில். தீர்த்தன் எல்லோருக்கும் கடைசியில். எல்லோருடைய முடியிலும் புருவத்திலும் கல்தூசி படிந்து, சின்னவர் பெரியவர் எல்லோரும் கிழடு தட்டினாற்போல் இருந்தார்கள். கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீராயிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"தாயி, செஞ்சது தப்பு. அதைப் பேச நாங்க வரல, அதுக்கு எங்களுக்கு வாயும் இல்ல. ஒரே ஒரு யோசனை. நீ முன்னால நடந்தா ரோடு வருதில்ல? அப்ப நீ பின்னால நடந்தா, அந்த ரோட்டு மேலயே பின்னோக்கி நடந்தா, அது பாய் மாதிரி சுருண்டுக்கும். பாறையிலிருந்து அடிவாரம் வரைக்கும் ஒருதரம் நடந்துட்டன்னா லாரி ஏற முடியாது. மிச்சப் பாறையாவது மிஞ்சும். தண்ணி வரும்."

சீராயி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். யோசித்தாள்.

"சுருண்டுக்கும்னுதான் எனக்கும் தோணுது" என்றாள். "ஆனா பின்னோக்கி நடக்கறவளுக்கு முதுகுல கண்ணு இல்லீங்களே. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், கொண்டை ஊசி வளைவு. எங்க திரும்பணும், எங்க நிக்கணும்னு யாராவது குரல் குடுத்துக்கிட்டே வரணும். அந்தக் குரல நம்பித்தான் நான் கால வைக்கணும்."

"குடுத்தாப் போச்சு தாயி!"

"யாரு குடுக்கறீங்க?" என்று சீராயி கேட்டாள். "உங்கள்ல யாரு குரல நான் நம்பட்டும்? நீங்களே சொல்லுங்க."

கவுண்டர் திரும்பித் தன் ஜனங்களைப் பார்த்தார். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் நின்ற தீர்த்தன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான்.

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் யாராவது ஒருவர், தன்னை நம்பலாம் என்று அவள் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால், குழந்தையைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பாள். முற்றத்தில் வெயில் ஏறுகிற வரைக்கும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. குழந்தை பசியில் சிணுங்க ஆரம்பித்ததும், அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.